கேப்டனின் மூன்றாவது ஜெர்சி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவா தன் ஆட்டோவை எங்கள் வீட்டு முன்னால் நிறுத்திவிட்டு, ஒரு அரிசிச் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். சாக்குக்குள் எங்கள் திண்டிவனம் கால்பந்து அணியின் அழுக்கு ஜெர்சிகள். ஜெர்சி, பூட்ஸ், பந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு ஆளை இந்த வருடம்தான் முதன்முதலாகப் போட்டிருக்கிறார்கள். தேவாதான் அந்த ஆள். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். சவாரி இல்லாத நேரத்தில் ஜெர்சி துவைக்கிறான்.

“தோத்துட்டோம்ண்ணே,” என்றான். “தோத்தது கூட பரவால்ல. என்னாலதான் தோத்தோம்னு சொல்றாங்க.”

“நீ எங்க ஆடின?”

“ஆடலண்ணே. சட்டை குடுத்தேன்.”

விஷயம் இதுதான். விழுப்புரத்தில் ஆட்டம். எதிரில் திருவெண்ணெய்நல்லூர் அணி. அவர்களுடைய கோல்கீப்பர் மஞ்சள் சட்டையில் வந்து நின்றிருக்கிறான். நம் அணியும் மஞ்சள். ரெஃப்ரி ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களிடம் மாற்றுச் சட்டை கிடையாது. பஸ் பிடித்து வந்த பையன்கள், முகம் வாடி நின்றிருக்கிறார்கள். தேவா நம் கீப்பரின் பச்சைச் சட்டை ஒன்று கூடுதலாக இருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

“அதப் போட்டுக்கினு நம்ம அடிச்ச பெனால்ட்டியையே புடிச்சுட்டாண்ணே அவன்,” என்றான் தேவா. “கமிட்டில கேக்கறாங்க, சட்டை இல்லன்னா ஆட்டம் நமக்குத்தானேடா, உன்ன யாரு குடுக்கச் சொன்னதுன்னு. இனிமே ஒரு சாக்ஸ் வெளிய போனாலும் வேற ஆளப் போட்டுடுவாங்களாம்.”

அவன் சாக்கை அவிழ்த்து அந்தப் பச்சைச் சட்டையை எடுத்துக் காட்டினான். முழங்கையில் செம்மண்.

“நம்ம டீம் ஆண்டு விழா மலருக்கு நீங்க ஒரு கட்டுரை எழுதிக் குடுக்கணுமாம். வெளிநாட்டு கிளப்புல இருந்தவரு, எழுதினா நல்லாருக்கும்னு சொல்லி அனுப்பினாங்க. அதுல எழுதுங்கண்ணே. நான் செஞ்சது சரியா தப்பான்னு எழுதுங்க.”

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பேனா பிடித்தால் எனக்குக் கை வேர்க்கும். இந்த மூன்று வாரமாக எங்கே பிழையாக எழுதிவிடுவேனோ என்று தூக்கம் கெட்டு, எழுதி, கிழித்து, மறுபடி எழுதுகிறேன். என் மனைவி செலின் சொன்னாள்: “தேவா கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுங்க. உங்க பயத்தையெல்லாம் எழுதினா மலர் பத்தாது.”

அவள் நர்ஸ். அவளால்தான் நான் ஹாலந்துக்குப் போனேன். அதற்கு முன் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு காண்ட்ராக்டரிடம் ரயில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் வேலை. செலினுக்கு அங்கே முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நான் கூடப் போனவன். அதே இல்லத்தின் சலவை அறையில் என்னையும் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்கு லீவில் வரும்போது மச்சான்மார்கள் கேட்பார்கள், “பிளேன் ஏறிப் போயும் துணிதான் துவைக்கிறியாப்பா?” என்று. ஆமாம், அதேதான். அந்த வேலையில் கை தேறிய பிறகு, அந்த ஊர்க் கால்பந்து கிளப்பில் ஜெர்சிகளைக் கவனிக்க இரண்டாவது ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். அந்தோணிசாமியான நான் அங்கே ஆன்டன் ஆனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

முதல் நாள் என்னைச் சோதித்தவர் ஹெங்க். ஜெர்சி அறைக்கு அவர்தான் பெரியவர். நெட்டையான ஆள், வெள்ளை மீசை, பல்லிடுக்கில் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டே இருப்பார். மண்ணும் புல்லுமாய் ஒரு வெள்ளை ஜெர்சியை என் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் நின்றார். நான் அதை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினேன். காய்ந்த மண்ணை முதலில் உதறினேன். தண்ணீர்ச் சூட்டைக் கையால் பார்த்தேன். சூடு கூடினால் முதுகில் ஒட்டிய எண் வெடித்துவிடும். துணியை மெதுவாக்கும் வாசனைத் திரவத்தை அவர் ஊற்றப் போனார், தடுத்தேன். அது போட்டால் அந்தத் துணி வியர்வையை வாங்காது. ஹெங்க் சீட்டியை நிறுத்தி, “நாளைக்கு வா,” என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

ஹெங்க் பேசியதை எல்லாம் நான் நம் ஊர்ப் பேச்சில்தான் எழுதுகிறேன். அவர் பேசும்போது என் காதில் அப்படித்தான் விழுந்தது.

ஒரு ஆட்டத்துக்கு டிரெஸ்ஸிங் ரூமை அவர் எப்படித் தயார் செய்வார் என்பதைத் தேவா போன்றவர்களுக்காக எழுதுகிறேன். கோல்கீப்பரில் தொடங்கி கேப்டனில் முடிப்பார். ஜெர்சியை முதுகு எண் தெரியும்படி மாட்டுவார். உள்ளே வருகிற ஆட்டக்காரன் தன் எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கால்சட்டை மடித்து இருக்கையில். அதன்மேல் சாக்ஸ், சுருட்டாமல் நீளமாக. பூட்ஸ் கீழே, மூக்கு வெளிப்பக்கம். மழை பெய்தால் அடியில் திருகும் ஸ்டட் குமிழ்களை நீளமானதாக மாற்றி, ஒவ்வொன்றையும் விரலால் ஆட்டிப் பார்ப்பார். ஒருவனுக்குக் கெண்டைக்கால் இறுகாதபடி சாக்ஸின் பின்பக்கத்தைக் கீறிவிட வேண்டும். இன்னொருவனுக்குக் கைக்குட்டை அளவில் ஒரு துண்டு ஈரமாக இருக்க வேண்டும். கீப்பருக்கு கையுறை நனைந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு காரியம் செய்வார். அதை வேறு எங்கேயும் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆட்டக்காரனின் இடத்திலும் தானே ஒருமுறை உட்கார்ந்து எதிரே பார்ப்பார். அங்கிருந்து அவனுக்கு என்ன தெரிகிறது என்று பார்ப்பார். ஒரு வெளியூர் மைதானத்தில், அப்போதுதான் அணிக்கு வந்திருந்த ஒரு பையனின் இடத்தில் உட்கார்ந்தவர் எழுந்து, “இவனுக்கு எதிர்ல அடிபட்டவங்கள படுக்க வைக்கற மேஜ இருக்குது,” என்று சொல்லி இடத்தை மாற்றினார். அந்தப் பையனுக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொன்று, ஹெங்க் ஓட மாட்டார். என்ன அவசரம் என்றாலும் நடப்பார். நான் பதற்றக்காரன். ஒருமுறை கீப்பரின் கையுறையை எடுக்க ஓடினேன். அவர் என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினார்.

“நட. நம்ம ஓடினா ஏதோ போயிடுச்சுன்னு பதினோரு பேருக்கும் தெரிஞ்சிடும். அவங்க மனசு அங்க போயிடும்.”

அதற்குப் பிறகு நானும் நடந்தேன். உள்ளே மட்டும் ஓடிக்கொண்டே இருப்பேன்.

இனி அந்த சீசன். எங்கள் கிளப் பெரிய கிளப் இல்லை. பெரிய நகரத்துக் கிளப்புகள் கோப்பை வாங்கும். நாங்கள் நடுவில் எங்காவது நிற்போம். முந்தைய சீசனில் எப்படியோ நான்காவதாக வந்ததால், ஐரோப்பியப் போட்டியில் ஆட இடம் கிடைத்தது. அப்படியென்றால் ஒரே சீசனில் மூன்று போட்டிகள்: நாட்டின் லீக், நாட்டின் கோப்பை, ஐரோப்பா. ஆட்டக்காரர்களுக்கு அது மூன்று மடங்கு ஓட்டம். எங்களுக்கு மூன்று மடங்கு ஜெர்சி. ஏனென்றால் ஒவ்வொரு போட்டிக்கும் கைப்பகுதியில் வேறு வேறு முத்திரை ஒட்டியிருக்கும். லீக் முத்திரை உள்ள ஜெர்சியை ஐரோப்பாவில் போடவே கூடாது. நான் பெட்டிகளின் பிடியில் கலர் ரிப்பன் கட்டினேன், லீக்குக்குப் பச்சை, கோப்பைக்குச் சிவப்பு, ஐரோப்பாவுக்கு வெள்ளை. கட்டிய பிறகும் வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பேன்.

“ரிப்பன் கட்டினது நீதானே?” என்பார் ஹெங்க்.

“ஆமா.”

“அப்ப உன்மேலயே உனக்கு நம்பிக்கை இல்ல.”

“இல்ல.”

“சரி, பாரு,” என்று காத்திருப்பார். ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

கோடையில், தகுதிச் சுற்றுக்கு, மலைகள் சூழ்ந்த ஒரு ஊருக்குப் போனோம். அங்கே திராட்சையும் தர்ப்பூசணியும் நம் ஊர் வெயிலும். ஜெயித்தோம். இலையுதிர் காலத்தில் லீக்கில் வரிசையாகத் தோற்றோம். வாரத்தின் நடுவில் ஐரோப்பா, வாரக் கடைசியில் லீக், நடுவில் எங்கள் ஆட்டக்காரர்கள் பஸ்ஸிலும் பிளேனிலும் தூங்கினார்கள். டிசம்பரில் புல்லே தெரியாதபடி உறைபனி. நாட்டுக் கோப்பையில் எங்களுக்குக் கீழே இரண்டு படியில் இருக்கிற ஒரு சின்ன ஊர் அணி எங்களை வெளியே அனுப்பியது. அன்று டிரெஸ்ஸிங் ரூமில் யாரும் ஜெர்சியைக் கூடையில் போடவில்லை, தரையில் எறிந்தார்கள். ஹெங்க் குனிந்து குனிந்து எடுத்தார். கேப்டன் டிர்க் அதைப் பார்த்தான். அவனும் குனிந்து எடுக்கத் தொடங்கினான். பிறகு எல்லாரும் எடுத்தார்கள்.

டிர்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடுப்பாட்டத்தின் நடுத்தூண். முப்பத்தாறு வயது. அந்த சீசனோடு ஆட்டத்தை விடுகிறேன் என்று முன்பே சொல்லிவிட்டான். பதினெட்டு வயதிலிருந்து இந்த ஒரே கிளப். அவன் காலத்தில் ஐரோப்பாவில் காலிறுதிக்கு அந்தக் கிளப் போனதில்லை. அவன் காலத்துக்கு முன்பும் போனதில்லை. இந்த முறை தட்டுத்தடுமாறி அதற்கு முந்தைய சுற்றுவரை வந்துவிட்டது. எதிரில் போர்ச்சுகலில் ஒரு மலையூர் அணி. முதல் ஆட்டத்தை எங்கள் ஊரில் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தோம். இரண்டாவது ஆட்டத்தை அவர்கள் ஊரில் சமன் செய்தால் போதும்.

அங்கே எங்களை வரவேற்றவர் அந்த அணியின் ஜெர்சி ஆள். பெயர் ஜுவாகிம். நம் ஊர்க் கிறிஸ்தவப் பங்குகளில் சுவக்கீன் என்கிறோமே, அதே பெயர்தான். குள்ளம், கனத்த உடம்பு, வலது முழங்காலில் கோளாறு. ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து நடப்பார். எங்கள் பெட்டிகளைத் தானே இறக்கினார். இஸ்திரி மேஜை, தண்ணீர்க் குழாய், கதவுச் சாவி எல்லாம் காட்டினார். காலையில் ரெஃப்ரி முன்னிலையில் இரண்டு அணிகளின் கலரையும் சரிபார்க்கும் கூட்டம் முடிந்ததும், எங்களைத் தன் சலவை அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு சுவர் முழுக்க, ஐரோப்பியப் போட்டிகளுக்கு அந்த ஊருக்கு வந்து போன அணிகளின் ஜெர்சிகள். எல்லாம் துவைத்து இஸ்திரி போட்டவை. ஒரு ஆணி காலியாக இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, தெரிந்த இங்கிலீஷில் கேட்டார்: உங்கள் கேப்டனுடையது கிடைக்குமா?

ஜெர்சி ஆட்கள் ஒருவருக்கொருவர் ஒரு ஜெர்சி மாற்றிக்கொள்வது அங்கே வழக்கம். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஐரோப்பிய முத்திரையோடு ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் மூன்று ஜெர்சிதான் எங்களிடம்: முதல் பாதிக்கு ஒன்று, இரண்டாம் பாதிக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. அது போக, எண் இல்லாத வெற்று ஜெர்சி மொத்தமாக இரண்டு.

ஹெங்க்கைத் தனியாக இழுத்து, “ஆட்டம் முடிஞ்சப்புறம் குடுக்கலாமே,” என்றேன்.

“முடிஞ்சப்புறம் குடுத்தா ஜெயிச்சவன் தோத்தவனுக்குக் குடுத்ததா இருக்கும். இல்ல, தோத்தவன் ஜெயிச்சவனுக்குக் குடுத்ததா இருக்கும். இப்பதான் ரெண்டு பேரும் ஒண்ணு.”

“எதுனா ஆயிடுச்சுன்னா?”

“உனக்கு எப்பவும் எதுனா ஆயிக்கினேதான் இருக்கும்,” என்று சிரித்துவிட்டு, டிர்க்கின் மூன்றாவது ஜெர்சியை எடுத்துக் கொடுத்தார். ஜுவாகிம் அதை உடனே மாட்டவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, மடித்து, அலமாரியில் வைத்தார். பதிலுக்கு அவர்கள் கேப்டனின் ஜெர்சியை எங்களுக்குத் தந்தார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

ஆட்டம் சாயங்காலம் தொடங்கியது. முதல் பாதியிலேயே ஒரு உயரப் பந்துக்கு டிர்க்கும் இடது ஓரம் தடுக்கிற எங்களுடைய லெஃப்ட் பேக்கும் ஒரே நேரத்தில் எம்பினார்கள். இரண்டு பேரும் எங்கள் ஆட்கள். மண்டையும் மண்டையும் மோதிய சத்தம் எங்கள் பெஞ்சுவரை கேட்டது. டிர்க்கின் புருவம் பிளந்துவிட்டது. லெஃப்ட் பேக்குக்கு மூக்கு. மேலே விழுந்த ரத்தம் இரண்டு ஜெர்சியையும் நனைத்தது. எங்கள் ஜெர்சி வெள்ளை, நெஞ்சில் ஒரு நீலப் பட்டை. வெள்ளையில் ஒளிக்க ஒன்றுமில்லை. ரத்தம் பட்ட ஜெர்சியோடோ இன்னொருவன் எண்ணோடோ யாரையும் மைதானத்தில் ஆட விடமாட்டார்கள்; அது விதி.

டிர்க் இரண்டாவது ஜெர்சிக்கு மாறினான், டாக்டர் தையல் போட்டுத் தலையைச் சுற்றிக் கட்டினார். பாதி நேரம் முடிந்து வந்ததும் ஒரு பந்தைத் தலையால் முட்டினான். தையல் விட்டது. அதுவும் போயிற்று. வெற்று ஜெர்சி ஒன்றைக் கொடுத்தோம். லெஃப்ட் பேக்கின் மூக்கும் நிற்கவில்லை, அவனுடைய மூன்றும் நனைந்துவிட்டன. மற்ற வெற்று ஜெர்சி அவனுக்குப் போயிற்று. கோல் கணக்கு சமம். மாற்று ஆட்கள் அத்தனை பேரையும் இறக்கியாகிவிட்டது. ஆட்டம் முடிய இன்னும் சில நிமிடங்கள். அவர்கள் ஒரு கோல் போட்டால் எங்கள் முன்னிலை போய்விடும். அந்த நேரத்தில் டிர்க் மறுபடியும் ஒரு பந்தை முட்டினான்.

டாக்டர் இழுத்துக் கட்டிவிட்டார். ரத்தம் நின்றுவிட்டது. ஆனால் ஜெர்சியின் கழுத்திலிருந்து நீலப் பட்டைவரை சிவப்பு. கோட்டோரம் நின்று இதையெல்லாம் கவனிக்கும் நாலாவது ரெஃப்ரி கையை விரித்தார். டிர்க் அந்த ஜெர்சியைக் கழற்றி என்மேல் போட்டுவிட்டு, வெறும் மார்போடு கோட்டுக்கு வெளியே நின்றான். உள்ளே எங்கள் ஆட்கள் பத்துப் பேர்.

“வேற எதுவும் இல்லயா?” என்று கேட்டான். அவன் கத்தவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் கால் ஓடத் துடித்தது. ஹெங்க் என் தோளில் கை வைத்தார். “பச்சத் தண்ணி,” என்றார்.

அது எனக்குத் தெரிந்த வேலை. முதியோர் இல்லத்தில் நான் அதிகம் துவைத்தது ரத்தம்தான். வெந்நீர் பட்டால் ரத்தம் நூலோடு வெந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த தண்ணீர்தான், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். ஐஸ் பெட்டியில் ஜெர்சியை முக்கி, துணியின் பின்புறத்திலிருந்து கட்டைவிரலால் தள்ளினேன். தண்ணீர் சிவந்தது. மறுபடி ஐஸ், மறுபடி தள்ளு. விரல் மரத்துப் போயிற்று. துண்டில் வைத்துச் சுருட்டி, முழங்காலால் அமுக்கிப் பிழிந்து நீட்டினேன். சிவப்பு போய் இளஞ்சிவப்பு ஆகியிருந்தது. நாலாவது ரெஃப்ரி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பாவம், அவருக்கும் வருத்தம்தான், தலையை அசைத்தார். இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தால் போக்கியிருப்பேன். மைதானத்தில் அவர்களுக்குக் கார்னர் கிடைத்தது. கூட்டம் முழுவதும் எழுந்து நின்று கத்தியது.

அப்போதுதான் ஜுவாகிம் வந்தார்.

டிரெஸ்ஸிங் ரூமிலிருந்து மைதானத்துக்கு வரும் சுரங்கவழியிலிருந்து ஓடி வந்தார். அந்த முழங்காலோடு, ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து, தன் சொந்த பெஞ்சுக்கு முன்னாலேயே ஓடினார். கையில் மடிப்புக் கலையாத எங்கள் ஜெர்சி. அவர்கள் பெஞ்சில் ஒருவர் எழுந்து ஏதோ கேட்டார். இன்னொருவர் கையை நீட்டித் தடுத்தார். ஜுவாகிம் நிற்கவில்லை. பின்னால் கூட்டத்திலிருந்து காகிதக் கோப்பை ஒன்று அவர் முதுகில் வந்து விழுந்தது. அவர் வந்து ஜெர்சியை ஹெங்க் கையில் வைத்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. ஹெங்க் உதறிப் பிரித்து டிர்க்கின் தலைக்கட்டு அவிழாதபடி மேலிருந்து மெல்லப் போட்டுவிட்டார். நாலாவது ரெஃப்ரி எண்ணைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார், டிர்க்கின் முதுகைத் தட்டினார்.

அந்தக் கார்னரை எங்கள் கீப்பர் குத்தி வெளியே தள்ளிவிட்டான். அது மறுபடியும் அவர்களுக்கே கார்னர் ஆனது. டிர்க் உள்ளே போன பிறகு வந்த அந்த இரண்டாவது கார்னரை அவன்தான் முட்டி வெளியேற்றினான். நல்ல காலம், தையல் நின்றது. ஆட்டம் சமமாக முடிந்தது. நாங்கள் காலிறுதிக்குப் போனோம். எங்கள் ஆட்டக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டார்கள். நான் ஜுவாகிமைத் தேடினேன். அவர் அந்தக் காகிதக் கோப்பையைக் குனிந்து எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்.

டிர்க் அந்த மூன்றாவது ஜெர்சியை என்னிடம் கழற்றிக் கொடுத்தான். “இது அவருடையது,” என்றான். ஓட்டலில் கையாலேயே துவைத்து உலர்த்தினேன். காலையில் இஸ்திரி போட்டேன். விமானத்துக்கு நேரம் இருந்தது. ஹெங்க் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீட்டி இல்லை. அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“இத எப்படிக் குடுக்கறது?” என்றார். “நான் சொன்ன மாதிரியே ஆயிடுச்சு பாரு. ஜெயிச்சவன் தோத்தவனுக்கு.”

அவர் என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒருமுறைதான். எனக்கும் தெரியவில்லை. “போயிப் பாக்கலாம்,” என்றேன்.

ஜுவாகிம் சலவை அறையில் தனியாக இருந்தார். தோற்ற அணியின் ஜெர்சிகள் அப்போதுதான் இயந்திரத்திலிருந்து வெளியே வந்து கூடையில் குவிந்திருந்தன. எங்களைப் பார்த்து நாற்காலியைக் காட்டினார். ஹெங்க் உட்காரவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கூடையிலிருந்து ஒரு ஜெர்சியை எடுத்து, தோளோடு தோள் சேர்த்து மடிக்க ஆரம்பித்தார். நான் சாக்ஸ்களை ஜோடி சேர்த்தேன். ஜுவாகிம் வேண்டாம் என்று கையசைத்தார், பிறகு அவரும் ஒன்றை எடுத்தார். மூன்று பேரும் அவர்கள் அணி முழுவதையும் மடித்து முடித்தோம். அவர் தன் கீப்பரின் சட்டையை மடிக்கும் விதம் வேறு. கையை உள்ளே விட்டு மடிப்பார். ஹெங்க் அதை ஒருமுறை திரும்பச் செய்து காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டார்.

நடுவில் அந்த அணியின் கோச் உள்ளே வந்தார். எங்களைப் பார்த்து நின்றார். ஹெங்க்குடன் கை குலுக்கினார். ஜுவாகிமிடம் ஒரு சொல் சொல்லவில்லை, போய்விட்டார். 

“ஏன் குடுத்தீங்க?” என்று ஜுவாகிமிடம் கேட்டேன். எனக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷ், அவருக்குத் தெரிந்த கொஞ்சம்.

அவர் சுவரில் இருந்த காலி ஆணியைக் காட்டினார். தன் மார்பைத் தட்டி, வெறும் மார்பு என்பது போலக் காட்டினார். பிறகு தன் இரண்டு கண்ணையும் காட்டினார். அந்த ஆள் சட்டையில்லாமல் நின்றிருக்க, அவன் சட்டை இங்கே மாட்டியிருக்க, அதைத் தினமும் நான் பார்த்துக்கொண்டு வேலை செய்வதா? அப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். ஹெங்க்கும் அப்படித்தான் புரிந்துகொண்டார்.

கூடை காலியானதும், யாரும் எதுவும் கொடுக்கவில்லை. ஜுவாகிமே எங்கள் பையைத் திறந்து அந்த ஜெர்சியை எடுத்து ஆணியில் மாட்டினார். எண் தெரியும்படி.

காலிறுதியில் பெரிய நகரத்துக் கிளப் ஒன்று எங்களை நசுக்கியது. லீக்கில் ஆறாவதாக முடித்தோம். அடுத்த சீசனுக்கு ஐரோப்பா இல்லை. கடைசி ஆட்டத்தில் டிர்க்கை ஊரே எழுந்து நின்று அனுப்பி வைத்தது. எனக்கு அதிலெல்லாம் முழு மனது நிற்கவில்லை. அந்த மனிதருக்கு வேலை போயிருக்குமோ என்பதே என் கவலை. செலின் சொல்வாள், “போர்ச்சுகல்ல ஒருத்தருக்காக இங்க நீங்க ஏன் சாப்பிடாம இருக்கீங்க?” என்று. ஹெங்க்கிடம் பத்துத் தடவை கேட்டிருப்பேன். அவர் சீட்டியடிப்பார். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹெங்க்கின் போனுக்கு ஒரு படம் வந்தது. அதே அறை, அதே சுவர், எங்கள் ஜெர்சி. முன்னால் ஜுவாகிம், புதிய சீசனின் கிளப் சட்டையில். பக்கத்தில் அந்தக் கோச், ஒரு கையை அவர் தோளில் போட்டுக்கொண்டு. ஹெங்க் அதை எனக்குக் காட்டிவிட்டு, “இனிமே சாப்பிடு,” என்றார். என் கவலையெல்லாம் தெரிந்துதான் இருந்தது அவருக்கு.

ஹெங்க் பிறகு ஓய்வு பெற்றார். அந்த அறைக்கு நான் பெரியவன் ஆனேன். எத்தனையோ ஆட்டங்களுக்கு ஜெர்சி மாட்டினேன், ஒவ்வொரு இடத்திலும் உட்கார்ந்து பார்த்தேன். காலையில் கேட்கிற எதிரணி ஆளுக்குக் காலையிலேயே கொடுத்தேன். ஆனால் ஹெங்க் மாதிரி மூன்றில் ஒன்றை எடுத்துக் கொடுக்க என்னால் ஆகாது. நான் நான்காவதாக ஒன்று தைக்கச் சொல்லி, அதைக் கொடுத்தேன். என் சுபாவம் அவ்வளவுதான்.

போன வாரம் தேவாவை உட்கார வைத்து இதையெல்லாம் படித்துக் காட்டினேன். 

“அந்த சுவக்கீன் ஆளு குடுத்தாரு, தோத்தாங்க. நானும் குடுத்தேன், தோத்தோம்,” என்றான். “அப்ப ரெண்டு பேருமே தப்பாண்ணே?”

“திருவெண்ணெய்நல்லூர்க்காரங்க சட்டைய எப்படித் திருப்பிக் குடுத்தாங்க?”

“மேட்ச் முடிஞ்சதும் அந்த கீப்பரே கொண்டாந்தான். துவைச்சித் தரேன்னு பஸ்ஸுல எடுத்துக்கினு போகப் பாத்தான். நான்தான் வேணாம், நான் துவைச்சிக்கறேன்னு வாங்கிக்கினேன்.”

“பெனால்ட்டியப் புடிச்சானே, எப்படிப் புடிச்சான்?”

தேவாவின் முகம் மாறியது. “சும்மா சொல்லக் கூடாதுண்ணே. வலது பக்கம் பறந்தான் பாருங்க. ஒரு கையில தட்டினான். நம்ம பசங்களே கை தட்டிட்டானுங்க.”

“சட்டை குடுக்காம இருந்திருந்தா?”

அவன் சாக்கிலிருந்த பச்சைச் சட்டையை எடுத்து மடித்தான். நான் சொல்லித்தந்தபடி, கையை உள்ளே விட்டு.

தேவா, நீ செய்தது சரி. கமிட்டி அண்ணன்மார்கள் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். எழுதும்போது கை வேர்க்கத்தான் செய்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் அடுத்த ஆட்டம். அரிசிச் சாக்கை நிறுத்திவிட்டு, என் பழைய டிரங்க் பெட்டி ஒன்றைத் தேவாவுக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்று இரண்டு பேரும் உட்கார்ந்து அடுக்கினோம். நம் கீப்பருக்கு இரண்டு சட்டை. அவற்றுக்கு அடியில் கருநீலத்தில் இன்னொன்று, எந்த அணியின் கலரோடும் மோதாதது, புதிது. அது யாருக்கு என்று தேவா கேட்கவில்லை. பெட்டியை மூடிய பிறகு நான் மூன்று தடவை திறந்து பார்த்தேன், இருக்கிறது.

இந்த மலர் அச்சாகி வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.